காய்ந்த இலை

தீவு நகரமான அப்பியாவின் மருந்து ஆய்வகத்தில் ஆராய்ச்சியாளன் தனியேலு ஒரு தாளை நீட்டினான். எதிரே, சந்தையில் புண்ணுக்குப் பச்சிலை கட்டும் நாட்டு வைத்தியச்சி தௌசலா உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க கட்டுற நோனு மரத்து இலை ஒரு கிருமியைக்கூடக் கொல்லலை. ‘இனிமே வைத்தியம் பார்க்க மாட்டேன்’னு கையெழுத்துப் போடுங்கம்மா.”

அவள் பேனாவைத் தொடவில்லை. “இலையை என்ன பண்ணினே தம்பி?”

“ஒரு வாரம் காயவெச்சு, பொடியாக்கி, ஆல்கஹால்ல ஊறவெச்சோம். முறைப்படிதான்.”

“யார் முறை? பறிச்ச அன்னிக்கே கசக்கிக் கட்டணும். காய்ஞ்சா குப்பை.”

“அதெல்லாம் கதை.” விறுவிறுவென்று நடந்துபோய்க் கண்ணாடித் தட்டை எடுத்துவந்தான். “பாருங்க, உங்க இலைச் சாறு ஊத்தியும் கிருமி மண்டிக் கிடக்கு.”

“நல்லா நடக்கிறியே! போன மாசம் நொண்டினியாமே?”

“கால்ல புண். ஆஸ்பத்திரி மாத்திரைக்கு ஆறலை. என் சம்சாரம் மருந்துக்கடையில ஏதோ பச்சைக் களிம்பு வாங்கிப் போட்டா, பத்தே நாள்ல ஆறிடுச்சு.”

தௌசலா தாளை அவன் பக்கமே தள்ளினாள்.

“கடையிலயா? உனக்குத் தெரிஞ்சா குதிப்பேன்னு, தினமும் விடியக்காலையில அவ என் வாசல்ல வந்து நின்னு, இதே நோனு இலையைக் கசக்கின ஈரத்தோட வாங்கிட்டு ஓடினா. நான் கையெழுத்துப் போடறேன். முதல்ல சாட்சிக் கையெழுத்தை உன் சம்சாரம் வந்து போடட்டும்!”