சாரிக்குத் தடை

"இன்னொரு தடவை சாரின்னு சொன்னே, நாளையிலேர்ந்து வேலைக்கே வர வேண்டாம்!"

மேனேஜரம்மா போட்ட சத்தத்தில் கண்ணாடிக் கடையின் பின்னறை கப்சிப்.

லென்ஸ் பொருத்துகிறவன் தலையைக் குனிந்துகொண்டான். கடையில் அவனுக்குப் பட்டப்பெயரே 'சாரி'தான். மெஷின் நின்றாலும் சாரி, கரண்ட் போனாலும் சாரி. வந்தவர் பவர் சீட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்தால்கூட இவன்தான் சாரி சொல்வான். கெட்டிக்கார வேலைக்காரன். ஆனால் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் மூன்று நாளைக்குச் சாப்பாடு இறங்காது.

அன்றைக்கு லென்ஸை உடைத்தது கவுன்ட்டர் அக்கா. தெரியாமல் கையை ஊன்றிவிட்டாள்.

"சாரி, நான்தான் ஓரமா வச்சிருக்கணும்" என்று இவன் முந்திக்கொண்டான். அக்காவும் கமுக்கமாக இருந்துவிட்டாள்.

சாயங்காலம் அவளுக்கு மனசு கேட்கவில்லை. மேனேஜரம்மா அறைக்குப் போனாள்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். அவன் வாயில்லாப் பூச்சி. முப்பது வயசு ஆளை ஸ்கூல் பிள்ளை மாதிரி தினமும் நிக்க வச்சு, இன்னைக்கு என்ன உருப்படியா செஞ்சேன்னு கேக்குறீங்க. புதன்கிழமையானா பாதி நாள்ல வெளியே துரத்துறீங்க. கொஞ்சம்கூட ஈரமே இல்லையா உங்களுக்கு?"

"முதல் வாரம் ஒண்ணுமே செய்யலைன்னு அழுதான். நேத்து ரெண்டு விஷயம் சொன்னான்."

"அப்போ புதன்கிழமை?"

"மனநல டாக்டரைப் பார்க்கப் போறான். நான்தான் நேரம் வாங்கிக் கொடுத்தேன்."

அக்காவின் குரல் இறங்கியது. "இருந்தாலும் ஒரு சாரிக்கா இந்தக் கத்து?"

"எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஊர்ல நடக்கிறதையெல்லாம் தன் தலையில போட்டுக்குவான். எதுக்கெடுத்தாலும் சாரி. நாங்க கேலி பண்ணிச் சிரிப்போம். கடைசியா அவன் எழுதி வச்சிட்டுப் போன சீட்டுலயும் அந்த ஒரு வார்த்தைதான் இருந்துச்சு. கத்தினது தப்புதான். அதைக் கேட்டா எனக்கு உடம்பெல்லாம் பதறுது."



"சாரி மேடம். லென்ஸை உடைச்சது நான்தான்."

"தெரியும். அதை அவன்கிட்ட போய்ச் சொல்லு. நம்ம கடையில இதுவரைக்கும் யாரும் அவனுக்குச் சாரி சொன்னதில்லை."