கண்ணில் விழுந்த தூசி

"அந்தப் படத்தை அழிச்சிடுங்க சார், ப்ளீஸ்."

தெருவைத் தாண்டி ஓடிவந்து மூச்சிரைக்க நின்றவனுக்கு நாற்பது வயது இருக்கும். சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. முகம்தான் கலைந்திருந்தது.

படம் எடுத்தவரை நண்பர்கள் 'ஊர்சுத்தி' என்பார்கள். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கால் போன போக்கில் திரிகிறவர். ஆரம்பத்தில் மலைகளையும் கடல்களையும்தான் எடுத்தார். எத்தனை தடவை போனாலும் அவை அங்கேயே அப்படியே இருந்தன. மனித முகம் அப்படியில்லை, ஒரு மூச்சு நேரத்தில் மாறிவிடுகிறது. அதற்காகவே தெருவுக்கு வந்தவர், பிறகு தெருவை விடவில்லை.

"எந்தப் படம் தம்பி?" என்றார், தெரிந்துகொண்டே.

"இப்ப எடுத்தீங்களே, அந்த மரத்தடியில. நாங்க ரெண்டு பேரும்..."

எதிரே ஒரு பெரிய அரசாங்கக் கட்டடம். அதன் வாசல் மரத்தடியில் ஒரு பெஞ்சு. இவன் ஒரு முனையிலும் ஒரு பெண் மறுமுனையிலும், யாரோ எவரோ போல வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை ஊர்சுத்தி கவனித்திருந்தார். அப்போது ஒரு லாரி புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. அவள் கண்ணைக் கசக்கினாள்.

"கசக்காதே, கசக்காதே!" என்று இவன் பதறியது தெருவின் இந்தப் பக்கம் வரை கேட்டது. எழுந்து போய் அவள் முகத்தை நிமிர்த்தி, இமையை இரண்டு விரலால் விலக்கிப் பிடித்து, உதட்டைக் குவித்து ஊதினான். அவள் கை அவன் சட்டையைக் கொத்தாகப் பற்றியிருந்தது. ஊர்சுத்தியின் விரல் தானாக அழுத்திவிட்டது.

பல மாதங்களாக உருப்படியாக ஒரு படம்கூட அமையவில்லை, கேமராவையே மூட்டை கட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்கு இன்று கிடைத்த படம் அது. ஆனாலும் அவருக்கு ஒரு வைராக்கியம் உண்டு. படத்தில் இருப்பவர் வேண்டாம் என்றால் அங்கேயே, அவர் கண்ணெதிரே அழித்துவிடுவார். எந்த ஊரிலும் அதை மீறியதில்லை.

"அழிச்சிடறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பாருங்களேன்."

"வேணாம் சார், நான் பார்க்கல." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பத்திரிகையில வந்துடும்னு பயமா?"

"அவ அண்ணன் கண்ணுல பட்டா போதும் சார், ஊரையே கூட்டிடுவார். எங்க வீட்டுலயும் சும்மா விட மாட்டாங்க."

ஊர்சுத்திக்கு விளங்கிவிட்டது. பெஞ்சின் இரண்டு முனைகள், பதற்றம், அண்ணன். இந்த வயதில் ஒரு திருட்டுக் காதல்! அவருக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"ரெண்டு வீட்டுலயும் உட்கார்ந்து பேசிப் பார்க்கிறதுதானே?"

"பேசிப் பேசித்தான் சார் இங்க வந்து நிக்கிறோம்."

ஊர்சுத்தி அந்தக் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தார். ஓ, கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளவே வந்துவிட்டார்கள்!

"நல்லது. இனிமே என்ன பயம்?" என்றார்.

அதற்குள் அந்தப் பெண்ணும் தெருவைத் தாண்டி வந்துவிட்டாள். கண் இன்னும் சிவந்திருந்தது.

"என்ன தகராறு இங்க?"

"தகராறு ஒண்ணும் இல்லம்மா. உங்க படம்தான்" என்று ஊர்சுத்தி கேமராவை அவள் பக்கம் திருப்பினார்.

யாருக்குக் காட்டினாலும் முதலில் தங்கள் முகத்தைத்தான் தேடுவார்கள். தலை கலைந்திருக்கிறதே, குண்டாகத் தெரிகிறேனே என்பார்கள். இவள் அப்படிப் பார்க்கவில்லை. படத்தில் இருந்த அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல என்னை ஏன் இப்படிப் பார்க்கிறீங்க?" என்றாள் அவனிடம்.

"உன்னை எங்க பார்த்தேன்? தூசியைப் பார்த்தேன்."

"தூசியை யாரும் இப்படிப் பார்க்க மாட்டாங்க."

ஊர்சுத்திக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எத்தனையோ பேரை உட்கார வெச்சு எடுத்திருக்கேம்மா. கேமரான்னதும் காலரை இழுத்து விட்டுக்குவாங்க, எங்கிருந்தோ ஒரு முகத்தை இரவல் வாங்கி மாட்டிக்குவாங்க. இதுல நீங்க ரெண்டு பேரும் உங்க சொந்த முகத்தோட இருக்கீங்க."

"எனக்கு இந்தப் படம் வேணும் சார்" என்றாள் அவள்.

"அழிங்க சார்!" என்றான் அவன்.

"அழிக்காதீங்க."

"ரெண்டு பேர்ல ஒருத்தர் வேண்டாம்னாலும் நான் அழிச்சிடுவேம்மா. அது என் வழக்கம்." மனசே இல்லாமல் ஊர்சுத்தி பட்டனின் மேல் கட்டைவிரலை வைத்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்று தடுத்தாள் அவள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "அண்ணனை நான் பார்த்துக்கிறேன். வேற என்ன பயம் உங்களுக்கு? அதைச் சொல்லுங்க, அப்புறம் அழிக்கட்டும்."

அவன் எதிரே இருந்த கட்டடத்தின் படிகளைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். கடைசியில், பார்க்கவே மாட்டேன் என்ற படத்தைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல நம்மளைக் கூப்பிடுவாங்க. பிரிஞ்சு போக முழுச் சம்மதமான்னு ஜட்ஜ் கேட்பார். இதைப் பார்த்துட்டு நான் எப்படி ஆமான்னு சொல்லுவேன்?"

"அப்ப சொல்லாதீங்க" என்றாள் அவன் மனைவி.