துன்வாரையின் ஐயாயிரம் வருஷம்

முத்துலிங்கத்தார் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பெயர்ப்பலகையின் முன் முழங்காலில் விழுந்தார். சுற்றி நின்ற சனம், வன்னியில் கண்டாவளைப் பக்கம் இதுவரை கண்டறியாத சாமி ஏதோ வந்திறங்கிவிட்டது என்று பயந்து, தாமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஐயாயிரம் வருஷம்!" என்றார் அவர். "ஐயாயிரம் வருஷமாய் எனக்கெண்டே காத்திருந்திருக்கு."

பாலை மரத்தில் கம்பியால் கட்டியிருந்த தகரப் பலகை அது. துருப்பிடித்த எழுத்தில் 'துன்வாரை' என்றிருந்தது. பலகை வெள்ளைக்காரன் காலத்தது என்று அவருக்கும் தெரியும். ஆனால் பெயர்? அதன் வேர் எவ்வளவு ஆழம் என்பதை அளக்க உலகத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும்.

அந்த ஒருவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். ஐரோப்பாக்காரருக்கும் வட இந்தியருக்கும் பாட்டன் முறையான ஒரு பழஞ்சனம், சரித்திரம் தொடங்க முன்னரே வன்னிக்குள்ளால் நடந்து போனது என்றும், போகிற வழியில் ஊர்களுக்குப் பெயர் வைத்தது என்றும் புத்தகம் எழுதி முடித்திருந்தார். சான்று மட்டும்தான் கிடைக்கவில்லை. "ஒரு ஊரையாவது காட்டுமன் பாப்பம்" என்று வாசிகசாலையில் நக்கலடித்தார்கள். அந்தச் சான்று வரவேண்டிய ஏழாம் அத்தியாயத்துக்காக மட்டும் அச்சுக்கூடம் காத்துக் கிடந்தது.

பழனியாண்டிக்கு வேறு கவலை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு ஓடிவந்து, இங்கே காடு வெட்டி, ஐந்து வருஷமாக நெல் விதைத்துக்கொண்டிருந்த முப்பத்திரண்டு குடும்பங்களுக்கு அவன்தான் தலைவன். 'பேரில்லாத காட்டில் அத்துமீறிக் குடியிருப்போர்' என்று காணிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்திருந்தது. இது பேருள்ள ஊர்தான் என்று படித்த ஒருவர் எழுதித் தந்த கடிதத்தை வெள்ளிக்கிழமை விசாரணையில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டும்.

"சொல்லும் பழனியாண்டி, நீங்கள் இஞ்சை வர முன்னமே இந்தப் பேர் இருந்ததோ?"

"இருந்துச்சுங்க ஐயா."

"உம்மட ஆக்கள் ஆரும் எழுதேல்லையே?"

"ஐயோ, இல்லீங்க. நாங்க பொறக்கிறதுக்கு முன்னாடியே எழுதின போர்டு."

முத்துலிங்கத்தார் குறித்துக்கொண்டார். "'துன்' எண்டால் மலைக்கோட்டை. ஸ்கொட்லாந்திலை இந்தப் பேர் தடக்குப்படாமல் நடக்கேலாது. 'வாரை' எண்டால் தண்ணி. விளங்குதோ? மலைக்கோட்டைத் தண்ணி!"

"மலை எங்கங்க ஐயா?" தேத்தண்ணியை நீட்டியபடி கேட்டாள் பழனியாண்டியின் மனைவி அழகம்மா. கண்ணுக்கெட்டிய தூரம் மட்டும் விரித்துப் போட்ட பாய்போல வயல் கிடந்தது.

"ஐயாயிரம் வருஷத்திலை தேய்ஞ்சு போச்சு."

அழகம்மா தலையாட்டினாள். மலையால் தேய்ந்தது தன்னுடைய முழங்கால்தான் என்று அவள் நினைத்திருக்கலாம்.

அவர் பலகையின் விளிம்பை நகத்தால் சுரண்டினார். காய்ந்த பாசி பொடிப்பொடியாய் உதிர்ந்தது. வருஷத்தில் முக்கால்வாசி கொளுத்துகிற வெயிலில், தகரத்தில் பாசியா? வேறு யாராயிருந்தாலும் திகைத்திருப்பார்கள். அவர் திகைக்கிற ஆளல்ல. 'முற்காலத்தில் இங்கே ஓயாத மழை' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

"இந்தப் பேரின்ர அருமை உங்களுக்கு எங்கை தெரியப்போகுது? நீங்கள் நேற்று வந்த சனம். சனம் வரும், போகும். பேர்தான் நிக்கும். நீங்கள் எங்கை போனாலும் பரவாயில்லை, பலகைக்கு ஒரு கீறல் விழக்கூடாது, சொல்லிப்போட்டன்."

"சரிங்க ஐயா. அந்தப் பேரு பெருமையையே காணிக் கந்தோருக்கு ரெண்டு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா..."

எழுதினார். கடிதத்தாளில் பாதியை அவருடைய பட்டங்கள் தின்றிருந்தன. மிச்சப் பாதியில், 'சரித்திரம் பிறக்க முன்னரே பெயர் பெற்றிருந்த இவ்வூரை இல்லை என்போர் சரித்திரம் அறியாதவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். தபாற்கந்தோர்ப் பழக்கத்தில் ஒரு முத்திரையும் ஓங்கிக் குத்தினார். பழனியாண்டி கடிதத்தை இரு கையாலும் வாங்கி, நாலாக மடித்து, ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை மடியில் செருகினான்.

"இப்பிடியான பேர் கிட்டடியிலை வேறை ஏதும் இருக்கோ?"

"கொளத்துக்கு அந்தப் பக்கம் கிளன்மோரை இருக்குங்க."

தேத்தண்ணி முத்துலிங்கத்தாரின் வேட்டியில் கொட்டியது. 'கிளன்'! பள்ளத்தாக்கு! அதே பழஞ்சனத்தின் சொல்! ஒன்று என்றால் தற்செயல் என்பார்கள்; இரண்டுக்கு என்ன சொல்வார்கள்? வாசிகசாலையில் வாய்கள் ஒவ்வொன்றாய் மூடிக்கொள்வதை அவர் கண்ணெதிரே கண்டார்.

"இனி ஒண்டுதான் பாக்கி." அவர் பாலை மரத்தில் சாய்ந்து வானத்தைப் பார்த்தார். "இந்த ரெண்டு ஊர்ப் பேரும் அவ்வளவு தூரத்திலையிருந்து இஞ்சை என்னெண்டு வந்து சேர்ந்தது? குதிரையிலையோ? பாய்க்கப்பலிலையோ? அதை மட்டும் ஒருத்தன் சொன்னானெண்டால், புத்தகத்தையே அவனுக்குக் காணிக்கையாக்குவன்."

பழனியாண்டி மடியிலிருந்த சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"லாரியிலங்க ஐயா. எங்க தோட்டங்கள்ல வெள்ளைக்காரத் தொரைமாரு மாட்டின போர்டு, ரெண்டையும் நாங்கதான் கழட்டி ஏத்திக்கிட்டு வந்தோம்."