கரைவலைக் கயிற்றில் ஓர் இடைவெளி

கரைவலைக் கயிறு நீர் சொட்டச் சொட்ட மணலுக்கு ஏறுகிறது. தோளோடு தோள் உரசி இழுப்பவர்கள் இன்று மரியநேசனுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு நிற்கிறார்கள். வெறுங்கயிற்றில் காலை வெயில் மினுங்குகிறது. நேற்று ஆஸ்பத்திரியில் கொரோனா ஊசிக்குப் பயந்து, திரைக்குப் பின்னால் கதிரையை விட்டு அவன் எழும்பி வந்தது தாதிக்கும் துணைக்குப் போன மைத்துனன் றொசானுக்கும் மட்டுமே தெரியும். “நாங்கள் வெளியில சொல்லேலாது அண்ணை, அது சட்டம்” என்றாள் தாதி. அவள் சொல்லவுமில்லை. றொசானின் வாய்க்குத்தான் சட்டம் இல்லை. வலை கரையேறியதும் தேநீர் வருகிறது. எல்லோர் கையிலும் கண்ணாடிக் கிளாஸ். மரியநேசனுக்கு மட்டும் கடதாசிக் கோப்பை. அதை எட்ட நின்றே நீட்டுகிறான் றொசான். “அத்தான், நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.” மரியநேசன் அவனிடம் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை.