யார் கை மாத்திரை?

“சின்னவளே... பெரியவளுக்குத் தெரிய வேணாம்டி...”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாமியார் மறுபடியும் பிதற்றினார். அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பெரிய மருமகள்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில் சீப்பை எடுத்துப் பல் தேய்க்கப் போனவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தவள் இவள். நினைவு தப்பியும் மாமியார் வாயில் வருவது மாடியில் இருக்கும் ஓரகத்தி. அதிலும் இவளுக்குத் தெரியக்கூடாத ரகசியம் வேறு!

என்ன ரகசியம்? நகையா, வீடா?

ஓரகத்தி தலைகூட வாராமல் ஓடி வந்தாள்.

“அக்கா, அத்தைக்கு என்னாச்சு?”

“உன்னைத்தான் தேடறாங்க. போய் தரிசனம் குடு.”

அதற்குள் டாக்டர் ரிப்போர்ட்டோடு வந்துவிட்டார்.

“ரத்தத்துல சோடியம், அதாவது உப்புச்சத்து, ரொம்பக் குறைஞ்சிருக்கு. இன்னும் இறங்கியிருந்தா வலிப்பு வந்திருக்கும். உயிருக்கே ஆபத்து. போன மாசம் எழுதிக் குடுத்த பிரஷர் மாத்திரை, சிலருக்கு நீரோட சேர்த்து உப்பையும் வெளியே தள்ளிடும். ஆனா தினம் ஒரு மாத்திரைக்கு இவ்வளவு இறங்குமா? வீட்டுல மாத்திரை குடுக்கிறது யாரு?”

“நான்தான் டாக்டர்!” பெரியவள் முந்திக்கொண்டாள். “காலையில ஆறரைக்கு டான்னு குடுத்துடுவேன். வேற யாரு எட்டிப் பார்க்கிறாங்க?”

கடைசி வார்த்தை ஓரகத்திக்கு.

சின்னவள் முகம் வெளுத்துவிட்டது.

“டாக்டர்... ஏழு மணிக்கு நானும் குடுக்கிறேனே!”

“என்னது?” என்றாள் பெரியவள்.

“நீங்கதானேக்கா கேட்டீங்க, ‘மாடியிலிருந்து இறங்கி வந்து ஒரு மாத்திரை எடுத்துக் குடுத்திருக்கியா’ன்னு? ரோஷம் வந்துடுச்சு. மறுநாளே மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கிட்டு வந்துட்டேன். நீங்க குளிக்கிற நேரமாப் பார்த்து வந்து, ‘இனிமே நான்தான் தருவேன்’னு சொன்னேன். அத்தையும் தலையாட்டினாங்க. அத்தை வேணாம்னு சொல்லி, நீங்க குடுக்கிறதை நிறுத்திட்டீங்கன்னு நினைச்சேன்.”

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார்.

மூன்றாம் நாள் மாமியாருக்குத் தெளிவு வந்தது. கிழமை கேட்டதற்குச் சரியாகச் சொன்னார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

பெரியவளுக்கு மனசு ஆறவில்லை.

“ஏன் அத்தை, அவ நீட்டினப்போ ‘பெரியவ குடுத்துட்டா’ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? அவ கையால வாங்கினாத்தான் இனிக்குதா?”

“சொல்லியிருக்கலாம். அவ முகம் தொங்கிப்போயிருக்கும்.”

“அப்போ என்கிட்ட வேணாம்னு சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா நீ ஒரு வாரம் என்கூடப் பேசியிருக்க மாட்டே.”



மாமியார் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டார்.

“உங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் சமாளிக்கிறதைவிட, ரெண்டு மாத்திரையை முழுங்கறது சுலபமா இருந்ததும்மா!”