எர்த் வயர்

அந்த இரைச்சல் முதன்முதலில் எப்போது கேட்டது என்று மைக்செட்காரருக்குச் சரியாக நினைவில்லை. தங்கை தன் பேஸ் கிடாரைக் கொண்டுவந்து கொடுத்த அன்றே கேட்டதா, அவர் அதைத் திறந்து கைவைத்த பிறகா? கைவைத்த பிறகுதான் என்று மனசாட்சி அடித்துச் சொன்னது.

கிடார் இப்போது சன்னலோர மேஜையில் மல்லாந்து கிடந்தது. குமிழ்கள் இருந்த தகட்டைக் கழற்றியதில், உள்ளே இருந்த வயர்கள் எல்லாம் வெயிலுக்கு வந்துவிட்டிருந்தன.

அவள் சொன்ன கோளாறு சின்னது. வாசிக்கும்போது நடுநடுவே சத்தம் விட்டுப்போகிறது, அவ்வளவுதான். வயரைச் செருகும் ஜாக் தளர்ந்திருந்தது. முடுக்கிவிட்டாலே போதும்.

"கடைத்தெருவுல கிடார் ரிப்பேருக்குன்னே ஒருத்தர் இருக்கார்ணா, அவர்கிட்ட குடுத்துக்கறேன்" என்றுதான் அவள் சொன்னாள்.

"ஊருல உள்ள மேடைக்கெல்லாம் ஸ்பீக்கர் கட்டறவன் உன் கூடப்பொறந்தவன். நீ போய் வெளியாள் வாசல்ல நிப்பியா?" என்று பிடுங்கி வைத்துக்கொண்டவர் இவர்.

ஜாக்கை முடுக்கினார். விளக்கு எப்போதோ செத்துப்போன தன் பழைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் காதைக் கொடுத்தார். மெல்லியதாக, விடாமல் ஓர் இரைச்சல்.

தந்திகளை உள்ளங்கையால் தொட்டால் அது அடங்க வேண்டும். தந்திகளை எர்த்தோடு சேர்க்கும் வயர் ஒன்று உள்ளே ஓடுகிறது; அந்த வேலைக்குத்தான் அது இருக்கிறது. தொட்டார். அடங்கவில்லை.

அந்த வயரைப் பிடுங்கிவிட்டுப் புதியது பற்றவைத்தார். அடங்கவில்லை. குமிழ்களை மாற்றினார். ஜாக்கையும் மாற்றினார். யாரோ நிதானமாக, அழகாகச் செய்து வைத்திருந்த வயரிங் முழுவதையும் ஒன்றுவிடாமல் அறுத்துப் போட்டுவிட்டு, தன் கையால் மறுபடி கட்டினார். இரைச்சல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஏங்க." தோளைத் தொட்டுத் திருப்பினாள் மனைவி. "எத்தனை தடவை கூப்பிடறது? டீ ஆறி, மேல ஏடு கட்டிடுச்சு. பேசாம அந்தக் கிடாரையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க."

"அவ வர்ற நேரம்டி."

"வரட்டுமே. முடியலன்னு சொல்லிடுங்க. உங்க தங்கச்சிதானே, கடிச்சா தின்னுடுவா?"

அவர் மறுபடி கிடாரின் மேல் குனிந்தார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு டம்ளரோடு உள்ளே போனாள்.

நாளைக்குத் தங்கைக்கு ஒலிப்பதிவு. 'உங்க கையும் இந்தக் கிடாரும் சேர்ந்து வர்ற அந்தச் சத்தம்தான் வேணும். அது இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்' என்று இசையமைப்பாளர் சொல்லியிருந்தார். மேடை மேடையாக அலைந்தவளுக்கு முதல்முறையாக ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தார். அதை அவள் அண்ணனிடம் சொல்லும்போது சிரித்த சிரிப்பு, இந்த மேஜைக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் அவர் கண்ணில் வந்து நின்றது.

கடைசியாக ஒருமுறை என்று சால்டரிங் கோலை எடுத்து எர்த் வயரின் முனையில் வைத்தார். ஈயம் உருகவில்லை. அழுத்திப் பார்த்தார். அப்போதும் உருகவில்லை.

'நீயும் கைவிட்டுட்டியா' என்று நினைத்துக்கொண்டு கோலைக் கீழே வைத்தார். வியர்வை முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. தந்திகளின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு, அடங்கிவிடு என்று மனதுக்குள் கெஞ்சியபடி வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

நிமிர்ந்தபோது தங்கை எதிரே நின்றிருந்தாள். மாடிப்படி ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ரெடியாண்ணா?"

"உக்காரும்மா."

"என்ன, மூஞ்சி இப்படி இருக்கு? அண்ணிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டியா?"

"உன் கிடாரைக் கெடுத்துட்டேன்." கிடாரை அவள் பக்கம் நகர்த்தினார். "நீ பாட்டுக்குக் கடையில குடுத்திருப்ப. நான்தான் வீம்புக்கு வாங்கி வெச்சேன். உன் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டேன்."

அவள் குனிந்து கிடாரின் குழிக்குள் பார்த்தாள். ஒவ்வொரு இணைப்பாக விரலால் தொட்டுக்கொண்டு போனாள்.

"எல்லாம் கச்சிதமாத்தானே இருக்கு? என்ன கெட்டுப்போச்சு?"

"இரைச்சல். போகவே மாட்டேங்குது. நீயே தொட்டுப் பாரு."

அவள் தந்திகளின் மேல் கையை வைத்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"பாத்தியா? நீ தொட்டும் நிக்கல."

"எது?"

"எனக்குச் சங்கடமா இருக்கும்னு மழுப்பாதே. உனக்கு இருக்கிற காதுக்கு அது கேக்காம போகுமா? இந்தா, இப்பவும் இரையுது பாரு."

அவள் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தாள். கதவருகே வந்து நின்ற அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் முகத்தில் கேலி இல்லை.

மேடை மேடையாக ஸ்பீக்கர்களுக்கு நடுவிலேயே நின்று நரைத்துப்போன அந்தத் தலையை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"கரண்ட்டே இல்லண்ணா."