பக்கத் தையல்

டாக்டர் வெள்ளைத் தாளில் ஒரு குழந்தையின் உடம்பை வரைந்து, அதன்மேல் இரண்டு கோடுகள் போட்டார். ஒன்று நெஞ்சின் நடுவில், மேலிருந்து கீழாக. இன்னொன்று வலது அக்குளுக்குக் கீழே, சின்னதாக.

இரண்டுமே கோணல். எதிரே இருந்த தையற்காரிக்கு அவற்றை நேராக்கக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

மடியில் உட்கார்ந்திருந்த மகளுக்கு ஆறு வயது. வீட்டில் பெயர் பட்டன். பிறக்கும்போதே இதயத்தில் ஓர் ஓட்டை. அடைத்தே ஆக வேண்டும், எந்த வழியாகப் போவது என்பதுதான் பேச்சு.

நடு வழி என்றால் நெஞ்செலும்பைப் பிளக்க வேண்டும். உள்ளே எல்லாம் பளிச்சென்று தெரியும், கை தாராளமாக வேலை செய்யும். பக்க வழியில் அந்த எலும்பைத் தொடவே வேண்டாம், இடம்தான் கொஞ்சம் குறுகல். இவளுடைய ஓட்டைக்கு இரண்டுமே பாதுகாப்பானதுதான் என்றார் டாக்டர். தழும்பு எங்கே விழும் என்பதுதான் பெரிய வித்தியாசம்.

"பிரிச்சுத் திரும்பத் தைக்கற மாதிரி வந்தா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். எந்த அம்மாவும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. அபூர்வம்தான், வந்தால் அநேகமாக நடுவில் திறக்க வேண்டியிருக்கும் என்றார்.

அவள் தலையாட்டினாள். பக்கத் தையலின் அருமை அவளுக்கா தெரியாது? கையைத் தொங்கவிட்டால் போதும், ஒருவர் கண்ணுக்கும் படாது.

ஊருக்கெல்லாம் கழுத்தை இறக்கி வெட்டுகிறவள், தனக்கு மட்டும் தொண்டைவரை பட்டன் வைத்துத் தைத்துக்கொள்வாள். கடைக்கு வருகிறவர்கள் துணி மிச்சமா என்று கிண்டல் செய்வார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள்.

படிவத்தின் முதல் பக்கம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. குடும்பத்தில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா? இல்லை. கூட வந்திருப்பவர்? யாருமில்லை. இரண்டுக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்லியிருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருந்தது. சரியா தப்பா என்று கேட்க ஓர் ஆள் இல்லை. பக்க வழியே போதும் என்றாள்.

டாக்டர் எழுதப் போனவர், விளையாட்டாகப் பட்டனைப் பார்த்து உனக்கும் சம்மதம்தானே என்றார்.

"ஊஹும், எனக்கு நடுவுலதான் வேணும். அம்மாவுக்கு இருக்கே ஜிப்பு, அதே மாதிரி."

பேனா நின்றது. டாக்டர் மெல்லப் படிவத்தின் முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

அவளுடைய கை தானாகக் கழுத்துப் பட்டனுக்குப் போனது. உள்ளே, சின்ன வயதில் இதயத்துக்குச் செய்த ஆபரேஷனின் தழும்பு. கல்யாணத்துக்கு முன்பு அதை மறைக்கச் சொன்னது பெற்ற தாய். பிறகு அதைப் பார்த்த புருஷன் ஏமாற்றிவிட்டீர்கள் என்றான். சொல்லிச் சொல்லியே ஒருநாள் போயும்விட்டான்.

குளிக்கும்போது பட்டன் அதை மேலிருந்து கீழாக விரலால் இழுப்பாள், சர்ரென்று சத்தம் வேறு கொடுப்பாள். விளையாட்டு என்றுதான் தையற்காரி நினைத்திருந்தாள்.

டாக்டர் காத்திருந்தார்.

அந்தத் தழும்பை ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை.